இரவல் இலையுதிர்காலம்

நம் தமிழ்ப் பள்ளி மாணவன் ஒருவனை அழைத்து, "இலையுதிர்காலத்தை வரைந்து காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். ஐந்து கூர்முனை கொண்ட மேப்பிள் இலையைத்தான் அவன் வரைவான். அம்மரத்தை அவன் கண்டதில்லை. அதன் நிழலில் நின்றதில்லை. நாள்காட்டியிலும் பிசுக்கோத்துப் பெட்டியின் மூடியிலும் கைப்பேசியின் முகப்பிலும் கண்ட படமே அவனுக்கு இலையுதிர்காலம். அவனுடைய பாட்டி எந்த மரத்தின் சிவந்த சருகுகளை மிதித்துக்கொண்டு விடியற்காலையில் பால் வெட்டச் சென்றாளோ, அந்த மரம் அவன் தாளில் இடம்பெறுவதே இல்லை. இக்குற்றம் மாணவனுடையதன்று, அவனுக்குக் கற்பிக்கும் நம்முடையது. இதனை ஆசிரியப் பெருமக்களிடமும் மாணவச் செல்வங்களிடமும் வெளிப்படையாக எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுக்காக ஒரு நிழற்படப் போட்டி நடைபெற்றது. 'இலையுதிர்கால அழகு' என்பது தலைப்பு. என் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் மாமாவின் கைப்பேசியை இரவல் வாங்கிக்கொண்டு, செபராங் பிறையில் எஞ்சியிருந்த சிறிய இரப்பர்த் தோட்டம் ஒன்றிற்குச் சென்று படம் எடுத்து வந்தான். இலையிழந்த கிளைகள் வானத்தில் வலைபோல் பின்னிக் கிடந்தன. தரையெங்கும் செம்மையும் மஞ்சளுமாய்ச் சருகு. மரத்தின் இடுப்பில் ஒரு மங்கு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அப்படம் திரும்பி வந்தது. 'நம் நாட்டில் இலையுதிர்காலம் இல்லை. படம் தலைப்பிற்குப் பொருந்தவில்லை' என்பது நடுவரின் குறிப்பு. விடுமுறைக்கு வெளிநாடு சென்ற ஒரு குடும்பம் அங்குள்ள பூங்காவில் எடுத்த படத்திற்குப் பரிசு கிடைத்தது. பரிசு கிடைக்காததற்காக அச்சிறுவன் அழவில்லை. என் அறைக்கு வந்து, "ஐயா, அப்படின்னா நான் பார்த்தது என்னங்க ஐயா?" என்று மட்டும் கேட்டான்.

முப்பது ஆண்டுகள் ஆசிரியத் தொழில் செய்தவன் நான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உளவியலும் கற்பித்தல் முறையும் கற்றவன். ஆயினும், 'நீ கண்ணால் கண்டது உண்மையன்று. அச்சிட்ட படத்தில் கண்டதே உண்மை' என்று ஒரு பிள்ளைக்கு நாம் கற்பித்துவிட்டோமே என்ற எண்ணம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. அவனுக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டிய விடையை இன்று சொல்கிறேன்.

நம் நாட்டில் இலையுதிர்காலம் இல்லை என்பது அறியாமை. குளிர்நாடுகளில் பகல் குறுகிக் குளிர் மிகும்போது இலை உதிர்கிறது. நம் பினாங்கு நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஐந்தரைப் பாகை அளவில் அமைந்துள்ளது. இங்கே ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு அரைமணிப் பொழுதிற்குச் சற்றே கூடுதல். குளிரோ இல்லவே இல்லை. இங்கு இலையை உதிர்ப்பது பெரும்பாலும் வறட்சிதான். தீபகற்பத்தின் வட பகுதியில் ஆண்டின் தொடக்கத்தில் மழை குறைகிறது. தை, மாசி, பங்குனித் திங்கள்களில் இரப்பர் மரம் தன் இலை முழுவதையும் உதிர்க்கிறது. உதிர்வதற்கு முன் மரம் இலையிலுள்ள சத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைய, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது, சிவப்பும் சேர்கிறது. மேப்பிள் இலையில் நடப்பதும் இதுவே. இயற்கை கனடாவிற்கு ஒன்றும் கெடாவிற்கு ஒன்றுமாக இரு விதி எழுதி வைக்கவில்லை.

இரப்பர் மட்டுமா? பத்து பெரிங்கி போன்ற கடற்கரைகளில் நிற்கும் நாட்டு வாதுமையைப் பாருங்கள். அகன்ற இலை ஒவ்வொன்றும் குங்குமச் சிவப்பாய்ப் பழுத்துத்தான் கீழே விழும். சாலையோரத்து அங்சானா மரத்தைப் பாருங்கள். வறட்சியில் இலையுதிர்த்து, பின்னர் ஒருநாள் உடலெல்லாம் மஞ்சளாய்ப் பூத்து, மறுநாள் அத்தனை பூவையும் தார்ச்சாலையில் கொட்டிவிடும். இந்த அங்சானா, சங்கப் புலவர் குறிஞ்சி நிலத்தில் கண்டு களித்த வேங்கையின் இனத்தைச் சேர்ந்தது என்பதை நம்முள் எத்தனை பேர் மாணவரிடம் சொல்லியிருக்கிறோம்? கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர் வருகிறது என்று மனப்பாடம் செய்விக்கிறோம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு நடந்து செல்லும் ஆயிரக்கணக்கான தமிழருள், வழியில் நிற்கும் மரங்களின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? அங்கே அருகிலேயே 1884-ஆம் ஆண்டில் தொடங்கிய தாவரவியல் பூங்கா இருக்கிறது. சுற்றுலாச் சென்றால் குரங்கைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம்.

இனி இலக்கணத்திற்கு வருவோம். 'இலையுதிர்காலம்' என்பது குளிர்நாட்டாரின் பருவப் பெயர் ஒன்றிற்கு நாம் செய்துகொண்ட மொழிபெயர்ப்பு. அம்மொழிபெயர்ப்பைக் கூதிரோடு ஒட்டவைத்து, ஐப்பசியும் கார்த்திகையும் இலையுதிர்காலம் என்று எழுதுவாரும் உளர். தமிழ்நாட்டில் ஐப்பசி அடைமழை பெய்யும் திங்கள். இலை தழைக்கும் காலம். அங்கே வேம்பு இலையுதிர்ப்பது மாசி, பங்குனியில். அதாவது, கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறு பெரும்பொழுதுகளுள் பின்பனிக் காலத்தில். நம் இரப்பர் மரம் இலையுதிர்க்கும் காலமும் ஏறத்தாழ அதுவே. கடல் கடந்து வந்த பின்னும் நம் இலக்கணத்தின் பருவம் இந்த ஒரு மரத்தில் நமக்குத் துணையாக வந்திருக்கிறது. நாமோ அதனை விட்டுவிட்டு அக்டோபர் மாத நாள்காட்டிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சொல்வளத்தையும் எண்ணிப் பாருங்கள். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று ஓர் இலையின் வாழ்நாள் முழுவதற்கும் தமிழில் படிப்படியாகப் பெயர் உண்டு. நம் மாணவனோ ஐந்தையும் 'இலை' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறான். சொல் இல்லாதவனுக்குக் கண்ணும் பாதிதான். இரப்பர் மரத்தடியில் ஒரு மாதம் நின்று பார்த்தவனுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. அதன் பழுப்பும் சிவப்பு. சில வாரங்களில் துளிர்க்கும் அதன் தளிரும் செம்பு நிறம். சாகும் இலையும் பிறக்கும் இலையும் ஒரே சாயலில் இருப்பதை நாள்காட்டி காட்டாது. மாந்தளிர் நிறத்தை மகளிர் மேனிக்கு உவமை சொன்ன புலவர்களின் கண் எத்தகையது என்பதை அம்மரத்தடியில்தான் கற்பிக்க இயலும். வகுப்பறையின் கரும்பலகையில் இயலாது.

இதுவரை நான் சொன்னவற்றை ஒப்புக்கொள்வோர் கூட, அடுத்த கேள்வியில் என்னை மடக்குவர். "இரப்பர் மரம் இலையுதிர்ப்பதில் என்னங்க ஐயா அழகு? அது நம் சனங்கள் பட்டினி கிடந்த காலம் அல்லவா?" என்று உடன்பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு நான் ஏட்டிலிருந்து விடை சொல்ல மாட்டேன். என் வீட்டிலிருந்து சொல்கிறேன்.

நான் தோட்டத்தில் பிறந்தவன். என் பெற்றோர் இருவரும் பால் வெட்டியவர்கள். மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் காலத்தில் தன்னிடமுள்ள சத்தையெல்லாம் புது இலைக்கே செலவிடுகிறது. மங்கில் பால் குறைகிறது. வெட்டு நிறுத்தப்படும் நாளும் உண்டு. பால் குறைந்தால் வருமானம் குறையும். வருமானம் குறைந்தால் கடையில் கணக்குப் புத்தகம் தடிக்கும். எனக்கு ஒன்பது வயது இருக்கும். ஒரு விடுமுறை நாள் காலையில் நிரையின் நடுவே நின்று, வெயில் ஊடுருவிய இலைகள் தீப்பொறிபோல் சுழன்று விழுவதை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டுப்பால் பொறுக்கிக்கொண்டிருந்த என் தாயார் நிமிர்ந்து பார்த்து, "என்னய்யா பார்த்துக்கிட்டு நிக்கிற? இது நம்ம வயித்துல அடிக்கிற காலம்யா" என்றார். அன்று முதல் நெடுங்காலம் அந்த அழகைப் பார்ப்பதே தாய்க்குச் செய்யும் துரோகம் என்று எண்ணி வாழ்ந்தேன். தோட்டத்தில் பிறந்த பலருக்கும் இத்தகைய நினைவு இருக்கும். நம் பிள்ளைகள் மேப்பிள் இலையை வரைவதற்குக் காரணம் நாள்காட்டி மட்டும் அன்று. நம் மரத்தைப் பார்க்க நமக்கே கூசியதும் காரணம்.

ஆனால் தமிழ் படிக்கப் படிக்க என் எண்ணம் மாறியது. வறண்ட நிலத்தையும் பிரிவின் துயரையும் நம் முன்னோர் இலக்கியத்திலிருந்து விலக்கி வைக்கவில்லை. அதற்குப் பாலை என்று பெயரிட்டு ஒரு திணையாகவே அமைத்தனர். பின்பனிக் காலத்தையும் அத்திணைக்கு உரியதாக்கினார் தொல்காப்பியர். அகநானூற்றின் நானூறு பாட்டுகளுள் இருநூறு, சரிபாதி, பாலைத் திணைப் பாட்டுகள். பசியும் வெம்மையும் பிரிவும் உள்ள இடத்தில் அழகு பேசக் கூடாது என்பது தமிழ் மரபாக இருந்திருப்பின், அகநானூற்றில் பாதி நமக்குக் கிடைத்திராது.

அதனினும் பெரிய பாடம் ஒன்று உண்டு. திணைக்குரிய கருப்பொருளைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் என்பவற்றோடு தொழிலையும் சேர்த்தே சொல்கிறது நம் இலக்கணம். மரத்தைச் சொன்னால் அம்மரத்தடியில் உழைப்பவனின் தொழிலையும், அவன் உண்ணும் உணவையும் உடன் சொல்ல வேண்டும். ஆளில்லாத காடு, பசியில்லாத மலை, தொழிலில்லாத வயல் என்று இயற்கையைத் தனியே கழற்றிச் சட்டத்திற்குள் மாட்டிவைக்கும் வழக்கம் நமக்கு இல்லை. இப்பொழுது அந்தச் சிறுவனின் படத்தை நினைவுகூருங்கள். சிவந்த சருகு; வெற்றுக் கிளை; கவிழ்த்து வைத்த மங்கு. மரமும் உண்டு, தொழிலும் உண்டு, உணவில்லை என்னும் செய்தியும் உண்டு. தொல்காப்பியம் பயிலாத பதினொரு வயதுப் பிள்ளை தொல்காப்பியர் நெறியில் படம் எடுத்திருக்கிறான். தமிழ் பயின்ற நடுவர் அதனைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். தலைப்பிற்குப் பொருந்தாதது எது என்பதைப் படிப்பவர்களே முடிவு செய்யட்டும்.

"நிழற்படக் கலை காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு?" என்பார்க்கு ஒரு வரலாற்றுச் செய்தி. ஜான் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்து நிழற்படக் கலைஞர் 1862-ஆம் ஆண்டில் இப்பகுதிக்கு வந்து, பினாங்கிலும் எதிர்க்கரையிலும் பல மாதங்கள் தங்கிப் படம் எடுத்தார். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசிப் படம் எடுத்த காலம் அது. அவருக்கு உதவியாளராய் இருந்து படங்களை அச்சிட்டுத் தந்தவர்கள் சென்னைப் பகுதியிலிருந்து வந்த இருவர் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். இத்தீவில் படக்கலை வேரூன்றிய அந்நாளிலேயே நம்மவர் கை அதில் பட்டிருக்கிறது. அவர்கள் பெயரை நம் பாடநூல் எதிலும் நான் கண்டதில்லை. நம்மவர் அச்சிட்ட கலையை நம் பிள்ளைகளுக்கு அந்நியம் என்று நாமே சொல்லலாமா? அக்காலத்தில் படக்கருவி வாங்க இயலாதிருந்தது உண்மை. இன்று பெரும்பாலான வீடுகளில் ஒரு கைப்பேசியேனும் இருக்கிறது. ஆறாம் ஆண்டுத் தேர்வு நெருக்குகிறது என்று சொல்லவும் இனி வழியில்லை, யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது.

"கைப்பேசி வந்த பிறகுதான் பிள்ளைகள் எதையும் பார்ப்பதில்லை" என்பது மற்றொரு மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. மரத்தின் முன்னே தன் முகத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு ஓடும் பிள்ளை மரத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அது கருவியின் குற்றமன்று, கற்பிக்காததன் குற்றம். எழுதுகோலைக் கொடுத்துவிட்டு எழுத்தைக் கற்பிக்காமல் விட்டால் பிள்ளை சுவரில்தான் கிறுக்கும்.

எவ்வாறு கற்பிக்கலாம்? என் பள்ளியில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு மாணவனுக்கு ஒரு மரம். தைத் திங்களில் தொடங்கிப் பன்னிரண்டு வாரம், வாரம் ஒரு முறை, ஒரே இடத்தில் நின்று, அதே காலைப் பொழுதில் படம் எடுக்க வேண்டும். வெயில் ஏறி உச்சிக்கு வந்துவிட்டால் நிறம் வெளுத்துவிடும். ஆதலின் காலையே ஏற்றது. கதிரவனை முதுகிற்குப் பின்னே வைத்துக்கொண்டால் இலை ஒரு வண்ணத் தாள், எதிரே இலைக்கு அப்பால் வைத்துக்கொண்டால் அதுவே ஒரு விளக்கு, நரம்பெல்லாம் தெரியும். இந்த வேறுபாட்டைப் பிள்ளையே கண்டுபிடிக்க விட வேண்டும். கருவியிலுள்ள நிறமேற்றும் வித்தைகளைத் தொடக் கூடாது. படத்திற்குக் கீழே மூன்று வரி எழுத வேண்டும்: மரத்தின் பெயரும் நாளும் ஒரு வரி, இலை கொழுந்தா, தளிரா, பழுப்பா, சருகா என்பது ஒரு வரி, அம்மரத்தடியில் யார், என்ன தொழில் செய்கிறார் என்பது ஒரு வரி. மூன்றாவது வரிக்காகப் பிள்ளை யாரையேனும் கேட்டே ஆக வேண்டும். பாட்டியைக் கேட்பான், சாலை பெருக்குபவரைக் கேட்பான். அங்கேதான் கட்டுரைப் பாடம் தொடங்குகிறது. வாக்கியம் அமைக்கத் தெரியாதவர்கள் என்று நாம் கைவிட்ட பிள்ளைகள் பாட்டியின் பேச்சை ஒரு பக்கம் எழுதி வந்ததை நான் கண்டிருக்கிறேன். தான் கண்டதைத் தானே சொல்லும்போது பிள்ளையின் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சிக்கு ஈடாக எந்தப் பரிசுக் கோப்பையையும் நான் கண்டதில்லை.

மேப்பிள் மரத்தின்மீது எனக்குப் பகை ஏதுமில்லை. அதன் அழகு அதன் மண்ணில் பேரழகு. ஜப்பானியர் இலையுதிர்காலந்தோறும் தம் மலைகளுக்கும் கோயில்களுக்கும் செவ்விலை காண்பதற்கென்றே கூட்டங்கூட்டமாகச் செல்கின்றனர். இது அவர்களின் நெடுநாள் மரபு. அவர்களிடமிருந்து கற்க வேண்டியது, தம் மண்ணின் மரத்தைத் தேடிச் சென்று பார்க்கும் அந்தப் பழக்கத்தை. நாமோ பழக்கத்தை விட்டுவிட்டு இலையை மட்டும் இரவல் வாங்கியிருக்கிறோம். இரவல் வாங்கிய அழகில் மனம் தங்குவதில்லை. பக்கத்தைப் புரட்டியதும் மறைந்துவிடுகிறது.

இப்பணியைத் தள்ளிப்போடவும் நமக்குக் காலம் இல்லை. 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த இருபத்திரண்டு இளங்கன்றுகளிலிருந்து தொடங்கியது இந்நாட்டின் இரப்பர் வரலாறு. அவற்றுள் ஒன்பது பேராக்கின் கோலகங்சாருக்கு வந்தன. அம்மரத்தை நம்பித்தான் நம்மவரில் பெரும்பகுதியினர் கப்பலேறினர். நம் பள்ளிகளில் பலவும் அம்மரத்தின் நிழலில்தான் தோன்றின. இன்று எத்தனையோ தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. செம்பனை இவ்வாறு சிவந்து உதிர்வதில்லை. ஆண்டு முழுதும் ஒரே பச்சை. பாலிங் போன்ற வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் இன்னும் உள்ளன. செபராங் பிறையிலும் ஆங்காங்கே சில நிரைகள் எஞ்சியுள்ளன. இன்னும் ஒரு தலைமுறை கழிந்தால், நம் பாட்டன்மாரின் இலையுதிர்காலத்தைக் காட்ட நம்மிடம் மரமும் இராது, படமும் இராது. பார்க்கத் தவறியவனுக்குக் காக்கவும் தெரியாது.

என் தாயார் இன்று இல்லை. அவர் சொன்ன சொல்லை நான் மறுக்கவில்லை. அது வயிற்றில் அடித்த காலம்தான். ஆயினும், அன்று அவர் நிமிர்ந்து பார்த்தபோது அவருடைய தலைத்துண்டின் மேலே ஒரு சிவந்த இலை தங்கியிருந்தது. அதை நான் இன்றும் காண்கிறேன். அன்று என் கையில் ஒரு படக்கருவி இருந்திருந்தால் மரத்தை மட்டும் எடுத்திருக்க மாட்டேன். அந்த இலையோடு அவரையும் சேர்த்தே எடுத்திருப்பேன். என்னிடம் இல்லாதுபோன அந்தப் படத்தை நம் பிள்ளைகளாவது எடுக்கட்டும்.

ஆசிரியப் பெருமக்களே! வருகின்ற தைத் திங்களில் ஒரு காலையேனும் மாணவரை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் செல்லுங்கள். மாணவச் செல்வங்களே! யார் உங்களிடம் இந்நாட்டில் இலையுதிர்காலம் இல்லை என்று சொன்னாலும், உங்கள் கண்ணை நம்புங்கள். தம்பி, நீ அன்று பார்த்தது இலையுதிர்காலமேதான். அது உன் பாட்டியுடையது, உன்னுடையது. தலைப்பிற்குப் பொருந்தியது உன் படம் ஒன்றுதான்.